மூக்கா, மோகா? ஆடியோ சொற்களுக்கு உச்சரிப்புப் பட்டியல் தயாரிப்பது எப்படி

தமிழில் இசைத் தயாரிப்புப் பாடம் எடுப்பவர்கள், அந்த மாதிரி வீடியோக்களுக்குக் குரல் கொடுப்பவர்கள், ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தகராறு தெரியும். மின்னணு இசைக்கருவியான சிந்தசைசர் ஒன்றின் பெயரை ஒருவர் மூக் என்பார், பக்கத்திலிருப்பவர் மோக் என்று திருத்துவார். ஒலியின் தனித்தன்மையைக் குறிக்கும் சொல்லை டிம்பர் என்றால் ஒருவர் சிரிப்பார், டாம்பர் என்றால் இன்னொருவருக்கு என்னவென்றே புரியாது. ஒலிப்பதிவுப் பாடத் தொடர் ஒன்றுக்குக் குரல் கொடுக்க வேண்டி வந்தபோது, ஸ்கிரிப்டில் இருந்த வெளிச்சொற்களை எல்லாம் தனியே எடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுத்த பிறகுதான் மைக் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலைத் தயாரித்த முறைதான் இது. பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சொல் யாருடையது என்று பாருங்கள்

எது சரி என்று தேடுவதற்கு முன்னால், யார் சொன்னால் செல்லும் என்று பாருங்கள். ஆளின் பெயர் என்றால் அந்த ஆள் சொன்னதுதான். அந்தச் சிந்தசைசரை உருவாக்கிய ராபர்ட் மோக் 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர், 2005இல் இறந்தார். பேட்டிகளில் இதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் தன் பெயர் 'வோக்' பத்திரிகையின் பெயரோடு எதுகை சேரும் என்றுதான் சொன்னார். எழுத்துக்கூட்டலில் இரண்டு ஓ இருக்கட்டும், அது மோக். வழக்கு முடிந்தது.

நிறுவனப் பெயர் என்றால் அந்த நிறுவனம். ஆஸ்திரேலியாவின் ரோட் மைக்கில் ஓ எழுத்தைக் கோடு போட்டு வெட்டியிருப்பதைப் பார்த்து டேனிஷ், நார்வேஜியன் என்று போய்விட வேண்டாம். நாம் நடக்கிற ரோடுதான் அது. பெர்லினில் 1999இல் தொடங்கிய இசை மென்பொருள் நிறுவனமான ஏபிள்டனை ஆப்லெட்டன் என்று நீட்டுகிறவர்கள் உண்டு. அதன் முதல் பகுதி 'ஏபிள்'.

பொதுச்சொல் என்றால் அகராதி. டிம்பர் இதில் வரும். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்பதால் அகராதிகள் டாம்பர் என்பதை முதலில் தருகின்றன. டிம்பரைச் சில அகராதிகள் ஏற்கின்றன, ஆனால் மரத்தைக் குறிக்கும் சொல்லோடு குழம்பும். நான் டாம்பர் பக்கம்.

சுருக்கெழுத்துகளுக்குத்தான் வாரிசே கிடையாது. வேவ் ஒலிக்கோப்பை வாவ் என்றாலும் வேலை நடக்கும். ஒலிப்பதிவு மென்பொருளை டி-ஏ-டபிள்யூ என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாலும் சரி, டா என்றாலும் சரி. இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்க 1983இல் வந்த மிடியை மட்டும் யாரும் எம்-ஐ-டி-ஐ என்று சொல்லிக் கேட்டதில்லை. இந்த வகைக்கு நேரம் செலவழிக்காதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே சொல்லுங்கள்.

படி 2: காதால் உறுதி செய்யுங்கள்

முதலில் ஃபோர்வோ இணையதளம். அந்தந்த மொழிக்காரர்கள் பேசிப் பதிவேற்றிய ஒலிகள் இருக்கும், பேசியவரின் நாடும் போட்டிருக்கும். ஜெர்மன் பெயரை ஜெர்மன்காரர் சொல்லியிருப்பதையே கேளுங்கள். அடுத்து யூக்ளிஷ். யூட்யூப் வீடியோக்களில் அந்தச் சொல் வரும் இடத்துக்கே கொண்டுபோய்விடும். பொறியாளர்கள் பேச்சுவாக்கில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு இதை விட்டால் வேறு வழியில்லை. கணினிக் குரலிடம் மட்டும் கேட்காதீர்கள். பொதுச்சொல்லைச் சரியாகச் சொல்லும், நிறுவனப் பெயர் வந்தால் எழுத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக அடித்துவிடும்.

படி 3: இரட்டைப் பிறவிகளைக் கவனியுங்கள்

ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு ஒலி. பேஸ் கிட்டார் என்பதைத் தேடினால் அகராதி சில சமயம் பாஸ் என்று வாசிக்கும். அது ஒரு மீனின் பெயர். வயலின் வில் என்றால் போ, தலை குனிந்து வணங்கினால் பவ். லீட் கிட்டார் என்பதன் எழுத்துக்கூட்டலே ஈயத்துக்கும், ஆனால் ஈயம் லெட். ரெக்கார்டில் அழுத்தம் மாறும்: இசைத்தட்டு என்றால் முதல் அசையில், பதிவு செய் என்றால் இரண்டாவதில். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நமக்கு இது காதில் விழவே நாளாகும். அகராதியில் பொருளைப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பீக்கர் குறியைத் தொடுங்கள்.

படி 4: இரண்டு மொழி விதி போதும்

இசைக்குறிச் சொற்களில் பெரும்பாலானவை இத்தாலியன், கருவிப் பெயர்களில் கணிசமானவை ஜெர்மன். இத்தாலியனில் ஈ, ஐ எழுத்துகளுக்கு முன் வரும் சி, 'அச்சம்' என்பதில் வரும் ச்ச ஒலி. அதனால்தான் செல்லோ, கன்செர்ட்டோ. அதற்கு முன்னால் எஸ் சேர்ந்தால் ஷ: க்ரெஷெண்டோ. இரட்டை இஸட் வந்தால் பெரும்பாலும் ட்ஸ், ஆக பிட்ஸிகாட்டோ. ஜெர்மனில் டபிள்யூ என்பது வ, ஈ-ஐ சேர்ந்தால் ஐ, ஈ-யூ சேர்ந்தால் ஒய். எனவே வாக்னர், ஷ்டைன்பெர்க், நொய்மான்.

நொய்மானில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1928இல் பெர்லினில் கெயோர்க் நொய்மான் தொடங்கிய மைக் நிறுவனம் அது. ஆங்கிலம் பேசும் ஸ்டுடியோக்களில் நியூமன் என்பதும் சகஜம். பாடத்தில் நான் நொய்மான் என்று சொல்வேன். ஆனால் ஸ்டுடியோவில் ஸ்டாண்டில் மைக் ஏற வேண்டும் என்றால், அங்கே இருக்கும் உதவியாளருக்கு எது புரியுமோ அதைத்தான் சொல்வேன். ஜெர்மன் வகுப்பு எடுக்க அது இடமில்லை.

படி 5: தமிழில் எழுதுவது (நேரம் பிடிப்பது இதில்தான்)

உச்சரிப்பைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதை எழுதி வைத்தால்தானே மறுநாள் வாசிக்க முடியும்? இந்த வரியைப் பாருங்கள்: "பேஸ் டிராக்கின் ஃபேஸைத் திருப்புங்கள்." முதல் சொல் கிட்டாரா, அடித்தளமா, வேகமா? இரண்டாவது முகமா, ஒலியலையின் கட்டமா? துறைக்காரர் சரியாக வாசித்துவிடுவார். குரல் கொடுக்க மட்டும் வந்தவர் திணறுவார்.

தமிழ் எழுத்தில் ஒலி இடத்தைப் பொறுத்து மாறுகிறது. 'தங்கம்' என்பதில் வரும் க வேறு, 'கல்' என்பதில் வரும் க வேறு. நமக்கு யோசிக்காமலே வந்துவிடும். வெளிச்சொல் இந்த ஒழுங்குக்கு அடங்காது. மோக் என்று எழுதினால் கடைசி ஒலியை 'பாக்கு' போல வல்லினமாகத்தான் வாசிப்போம். வேண்டியதோ 'தங்கம்' ஒலி.

இதற்கு வழி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுலோகப் புத்தகங்களில் க, ட, த, ப பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அதில் 3 தான் நமக்குத் தேவை. மோக்³, பே³ஸ் என்று எழுதினால் எவருக்கும் குழப்பம் வராது. சில போன் கீபோர்டுகளில் 3ஐ அழுத்திப் பிடித்தால் இந்தக் குறி வரும். 2, 4 இரண்டையும் விட்டுவிடலாம், ஆடியோ சொற்களில் அதற்கு வேலையில்லை.

அடுத்தது ச. சொல்லின் முதலில் வந்தால் நம்மில் பலர் ஸ என்றே வாசிக்கிறோம், செல்லோ ஸெல்லோ ஆவது அப்படித்தான். பட்டியலில் மட்டும் ஒரு கண்டிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஸ ஒலிக்கு எப்போதும் ஸ, 'அச்சம்' ஒலிக்கு மட்டும் ச. ஆங்கில இஸட் ஒலிக்கு நான் ஃஜ போடுகிறேன். ஹெட்ஃபோன், மைக் செய்யும் சென்ஹைசரை ஜெர்மன்காரர் சொல்வது ஃஜென்ஹைஃஜர் என்று பட்டியலில் இருக்கும். பார்க்க முள்வேலி மாதிரிதான் இருக்கும். வீடியோவில் வரும் எழுத்துக்கு இதைக் கொண்டுவராதீர்கள், அங்கே சென்ஹைசர், சிந்தசைசர் என்றே போடுங்கள். பட்டியல் வாய்க்கு, திரையில் வருவது கண்ணுக்கு.

அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. ஆர்பெஜ்ஜியோவில் 'பெ', ஆடாசிட்டியில் 'டா'. இலவச மென்பொருளில் எனக்குப் பிடித்தது அதுதான், அதன் பெயரையாவது ஒழுங்காகச் சொல்வோம்.

படி 6: வாக்கியத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள்

தனியாகச் சொன்னால் சரியாக வரும் சொல் வேற்றுமை உருபு சேர்ந்ததும் சறுக்கும். டாம்பரை, டாம்பருக்கு, டாம்பரில் என்று போனில் பதிவு செய்து கேளுங்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 1: போஸ் ஸ்பீக்கர் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். 1964இல் அமெரிக்காவில் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸின் தந்தை வங்காளி. நாம் அந்தக் குடும்பப் பெயரை ஸ ஒலியோடு முடிக்கிறோம், அமெரிக்கர்கள் இஸட் ஒலியோடு. படி 1 கணக்குப்படி ஸ்பீக்கர் என்றால் போ³ஃஜ். இருந்தாலும் தமிழ் வீடியோவில் நான் போ³ஸ் என்றுதான் சொல்கிறேன், பெயர் இங்கிருந்து போனதுதானே.

பின்சேர்க்கை 2: இலங்கை வாசகர்களுக்கு. நீங்கள் டொக்டர் என்று எழுதுவதை நாங்கள் டாக்டர் என்கிறோம். அதே வித்தியாசம் டால்பிக்கும் வரும், டொல்பி என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒலிக்கு உங்கள் எழுத்துமுறைதான் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பின்சேர்க்கை 3: கேபிள் செய்முறை வீடியோ போடுகிறவர்கள் கவனிக்க. சால்டரிங் என்பதில் அமெரிக்கர்கள் 'ல்' ஒலியை விட்டுவிட்டு ஸாடரிங் என்பார்கள், பிரிட்டனில் 'ல்' உண்டு. நம் கடைகளில் சால்டரிங் அயர்ன் என்று கேட்டால்தான் கிடைக்கும். ஈயம் கலக்காத கம்பி வேண்டுமானால் லெட் ஃப்ரீ என்று கேளுங்கள், லீட் ஃப்ரீ என்று அல்ல.