தையல் போடும் கை, திட்டும் வாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. எங்கள் அவசரப் பிரிவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார்சைக்கிள் சறுக்கி முன்கையில் கிழிசல். வாயில் பீர் வாடை. "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தார்கள்?" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குப் பகீரென்றது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு நான் சொன்ன அதே வாக்கியம்.

மலேசியாவின் பினாங்கில் மருத்துவ உதவி அதிகாரியாக வேலை பார்க்கிறேன். எல்லோரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. குடித்துவிட்டு அவசரப் பிரிவுக்கு வரும் பையன்களிடம் நாம் செய்யும் தவறுகளைத்தான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள் என்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை?

"வெறும் போதைதான்" என்று ஒதுக்குவது

சர்க்கரை குறைந்தாலும் தலையில் அடிபட்டாலும் போதை போலவே தெரியலாம். சர்க்கரை அளவைப் பாருங்கள். தலையைத் தடவிப் பாருங்கள். மணிக்கணக்கில் தெளியாமல் கிடந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

என்ன குடித்தான் என்று கேட்காமல் விடுவது

2018 செப்டம்பரில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடனே முகம் காட்டாது. உடல் அதைக் கண் நரம்பைத் தாக்கும் ஃபார்மிக் அமிலமாக மாற்ற அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். கூடவே சாதாரண மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். நேற்று முன்தினம் குடித்தவன் இன்று வந்து "கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது" என்பான். என்ன பாட்டில், எங்கே வாங்கியது, கூடக் குடித்தவர்கள் எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். வீட்டில் தூங்குகிறான் என்று சொல்லப்படும் நண்பனுக்குத்தான் முதலில் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

போதை தெளியாதவனிடம் அறிவுரை

வீண். விடியட்டும்.

புத்தி சொல்வது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு என்னிடம் அந்த வாக்கியத்தைக் கேட்ட பையனுக்கு ஜெலுத்தோங் பக்கம் வீடு. தாடையில் ஆறு தையல். அவனுடைய அம்மா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலையைப் பாதியில் விட்டுச் சீருடையோடு ஓடி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் அவரைப் பார்த்தபடியே அவனைத் திட்டினேன். நம் பையன்கள் இப்படித்தான் கெட்டுப்போகிறார்கள் என்றேன். தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் கெட்டவர்களின் கதைகளையும் இழுத்தேன். அம்மா அழுதார். எனக்கோ நல்ல காரியம் செய்த திருப்தி. பையன் கூரையைப் பார்த்துக்கொண்டே "சரி டாக்டர், சரி டாக்டர்" என்றான். கண்காணிப்பில் இருக்க வேண்டியவன், நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்துத் தொடை எலும்பு முறிந்து வந்தான். தாடைத் தழும்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். அவனும் என்னைக் கண்டுகொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினான். எவ்வளவு குடித்தாய் என்றேன். "குடிக்கவில்லை." வாடை மூன்று கட்டில் தள்ளி அடித்தது. மயக்க மருந்து கொடுக்கப் போகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டிய ஒன்றை அவன் மறைத்தான். அப்படி மறைக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

சீனப் பையன் வந்தால் மரியாதையாக நான்கு கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறோம். நம் பையன் என்றால் மட்டும் உடனே சித்தப்பா ஆகிவிடுகிறோம். இந்த உரிமையை யார் கொடுத்தது?

பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில், மது தொடர்பாக அவசரப் பிரிவுக்கு வந்த 18, 19 வயதுக்காரர்கள் 94 பேரில் ஒரு பாதியினரிடம் கண்டிக்காமல், குடியைக் குறைப்பதற்கான காரணத்தை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பேசினார்கள். ஆறு மாதத்தில் குடியின் அளவு இரு தரப்பிலும் குறைந்தது. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் மதுவால் காயம் படுவதும் பேசப்பட்டவர்களிடம்தான் தெளிவாகக் குறைவு.

இப்போது முதலில் அம்மாவைத் தேநீர் குடிக்க அனுப்பிவிடுகிறேன். பையன் தெளிவாக இருந்தால் தையல் போடும்போதே பேச்சு. இல்லையென்றால் காலையில் கட்டு மாற்றும்போது. இருவர் கண்ணும் காயத்தில் இருக்கும், முகம் பார்க்க வேண்டியதில்லை. "தம்பி, நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். பெரும்பாலும் சரி என்பார்கள்.

போன மாதத்துப் பையனிடமும் அப்படித்தான். பயிற்சி மருத்துவரை வேறு கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, காலையில் கேட்டேன்: "குடியைக் குறைக்க வேண்டும் என்று பத்துக்கு எவ்வளவு தோன்றுகிறது?" "மூன்று." இங்கேதான் வாய் அரிக்கும். மூன்றுதானா என்று கேட்டீர்களோ, குடிப்பதற்கான நியாயங்களை வரிசையாக அடுக்குவான். "ஏன் ஒன்று இல்லை?" என்றேன். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள்" என்றான்.

"அதிகமாகக் குடிப்பாயா?"

எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, அன்றைக்கு எத்தனை டின் என்று கேளுங்கள். 320 மில்லி டின்னில் 5 சதவீத பீர் என்றால் சுமார் 12.6 கிராம் ஆல்கஹால். உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று கொள்வது 10 கிராம். நான்கு டின் என்றால் ஐந்து அளவு என்று எழுதுங்கள்.

போலீஸ் பயம் காட்டுவது

2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. அது கடைக்காரர் கவலை.

காலையில் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவது

வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. நன்றாகப் பேசுகிறான், நேராக நடக்கிறான் என்பதால் இரத்தம் தெளிந்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்தப் பையனின் சாவியை அவன் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அப்பா வரும்வரை வெளியே எடுக்கவில்லை.