சேமலாப நிதியில் கூடுதலாக விழும் பணம்: தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சேர வேண்டியதைவிடக் கூடுதலான தொகை சேர்ந்திருப்பதைக் கண்டும், ‘இருந்துவிட்டுப் போகட்டும், கடைசியில் கைக்கு வரத்தானே போகிறது’ என்று விட்டுவிடுவதே முதல் தவறு. அந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்தே தவறாகக் கழிக்கப்பட்டதாக இருக்கலாம். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் உங்கள் பெயரையே கொண்ட இன்னொருவருடையதாகவும் இருக்கலாம்.

அதேவேளை, கூடுதலாக வருவதெல்லாம் பிழையுமல்ல. இலங்கையின் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் செலுத்தும் 8 சதவீதமும் தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதமும் குறைந்தபட்ச அளவுகளே. அதற்கு மேல் செலுத்த இணக்கம் ஏதும் உண்டா என்பதைக் கந்தோரில் முதலில் கேட்டறிய வேண்டும்.

உண்மையான மிகை பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் பிறக்கிறது. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம் ஆகியவை பங்களிப்புக்கு உட்பட்டவை. மேலதிக நேரக் கொடுப்பனவு உட்பட்டதல்ல. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்குப் பங்களிப்புக்குரிய வருமானம் 30,000 ரூபா, மேலதிக நேரத்துக்கு 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சேர வேண்டியது 2,400 ரூபாவும் 3,600 ரூபாவுமாக மொத்தம் 6,000 ரூபா. இரண்டையும் கூட்டி 35,000 ரூபாவுக்குக் கணக்கிட்டால் 7,000 ரூபா போய்விடும். இந்த 1,000 ரூபா மிகையில் 400 ரூபா தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தது, 600 ரூபா நிர்வாகம் போட்டது. முழுவதையும் தனதென்று எந்தத் தரப்பு எண்ணினாலும் வழக்கு அங்கேதான் தொடங்கும்.

இதை அடுத்த மாதம் குறைத்துக் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்பது கிளாக்கர்மார் சிலருக்குத் தோன்றும் சுருக்குவழி. ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் முழுமையாகச் செலுத்தப்பட வேண்டியது என்பதால், குறைத்துக் கட்டிய தொகை நிலுவையாகி, தாமதத்துக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணத்தை வரவழைக்கும். சம்பளப் பட்டியலையும் செலுத்திய விவரத்தையும் இணைத்துத் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பதே முறை.

ஆள் மாறி விழும் பணம் இதைவிடச் சிக்கலானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோல் எனும் தோட்டத் தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேட்டில் மூன்றாவது என்றிருக்கும் நம் தோட்டங்களில் பெயரை மட்டும் நம்புவது ஆபத்தானது. சம்பளச் சீட்டிலுள்ள அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நிதியின் கணக்குக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெற விண்ணப்பிக்கும் நாள்வரை இதைத் தள்ளிப்போட்டால், பழைய செக்ரோலைத் தேடி அலைய வேண்டிவரும். உங்கள் பணம் மற்றவரின் கணக்கில் விழுந்து, அவர் அதற்குள் தன் பணத்தோடு அதையும் எடுத்துவிட்டிருந்தால் மீட்பது இன்னும் கடினம்.

ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற வேறொரு நிதியத்துக்குச் செல்லும் 3 சதவீதத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முழுவதும் தொழில்தருநரின் பொறுப்பு. சம்பளச் சீட்டில் அது கழிவாகக் காணப்பட்டால் அதை மிகைப் பங்களிப்பென்று விளக்கம் கேட்பதில் பயனில்லை, சட்டத்துக்கு மாறான கழிவென்று தொழில் அலுவலகத்தில் முறையிட வேண்டும்.