மார்கழிப் பனியில் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளைக் காக்கும் முறை

பொரித்து வந்த குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு போன்ற தூவி மட்டுமே என்பதால், இறகு முளைத்து மேனியை மூடும் வரை, அதாவது முதல் நான்கைந்து வாரங்களுக்கு, தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் இயலாது. தாயோடு திரியும் குஞ்சுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தாராளமாகச் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும், நாம் பஞ்சாரக் கூடையை ஈரமில்லாத இடத்தில் கவிழ்த்து மேலே சாக்குப் போட்டால் போதும். பொரிப்பகத்திலிருந்து நூறு, இருநூறு எனத் தாயில்லாக் குஞ்சுகளை வாங்கி வருபவர்களுக்கே, அதிலும் ஓசூர், தளி போன்ற குளிர்ந்த பகுதிகளில் இருப்பவர்களுக்கே, மார்கழியும் தையும் சோதனை மாதங்கள்.

குஞ்சுகள் வருவதற்கு முந்தைய நாளே இடம் தயாராகிவிட வேண்டும். தரையில் காய்ந்த உமியை மூன்று அங்குலம் பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்துங்கள். நூறு குஞ்சுகளுக்கு ஐந்தடி விட்டம் சரியாக இருக்கும். சதுரமாக அடைத்தால் குளிரும்போது மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும்.

வெப்பத்திற்குக் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது குளிர்காலக் கணக்கு. நூறு குஞ்சுகளுக்கு ஒரே 200 வாட் பல்பைத் தொங்கவிடுவதைக் காட்டிலும், நான்கு 60 வாட் குண்டு பல்புகளை ஒன்றரை அடி உயரத்தில் கட்டுவது பாதுகாப்பானது, ஏனெனில் நள்ளிரவில் ஒன்று போனாலும் மற்றவை எரியும். பல்பு போன ஓர் இரவில் கைக்குக் கிடைத்த எல்இடி பல்பை மாட்டிவிட்டு நான் நிம்மதியாகப் படுத்துவிட்டேன்; வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, சூடுதான் இல்லை. விடியற்காலையில் பதினொரு குஞ்சுகள் தட்டையாகக் கிடந்தன.

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி வைத்திருப்பது நல்லதே; ஆனாலும் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தையே நான் பெரிதும் நம்புகிறேன். பல்புக்கு நேர்கீழே குவிந்துகொண்டு ஓயாமல் கீச்சிட்டால் குளிர்கிறது, பல்பைக் கீழே இறக்குங்கள். தடுப்பு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ இடுக்கு வழியாகக் குளிர்காற்று புகுகிறது. வட்டம் முழுவதும் பரவி, கழுத்தை நீட்டிப் படுத்திருந்தால் எல்லாம் சரி. இந்தச் சோதனையை இரவு பத்து மணிக்குச் செய்து பயனில்லை, குளிர் உச்சத்துக்குப் போகும் அதிகாலை நாலு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும்.

குளிருக்குப் பயந்து கொட்டகையை இண்டு இடுக்கில்லாமல் தார்ப்பாயால் மூடிவிடுவது பலரும் செய்யும் தவறு. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே தங்கிக் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், உமியும் ஈரமாகி ரத்தக்கழிச்சலுக்கு இடம் கொடுக்கும். படுதாவைத் தரையிலிருந்து மேலே கட்டி, கூரைக்குக் கீழே ஓரடி திறந்து விடுங்கள். உள்ளே நுழையும்போது உங்கள் கண் எரிந்தால் அந்தத் திறப்பு போதவில்லை என்று பொருள்.

மின்சாரம் நின்றால் மண்சட்டியில் அடுப்புக்கரியை வெளியிலேயே பற்றவைத்து, புகை அடங்கியபின் உள்ளே வைத்து, மேலே கம்பிவலை போட்டு மூடலாம். கனன்ற கரியும் நச்சுவாயுவை வெளிவிடும் என்பதால், காற்றோட்டமில்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. அங்கே வெந்நீர் நிரப்பிய பாத்திரங்களை இறுக மூடிச் சாக்கில் சுற்றி வைப்பதே மேல்.

வந்திறங்கிய குஞ்சுகளுக்கு முதலில் வெதுவெதுப்பான வெல்லத்தண்ணீர் கொடுங்கள். நனைந்த குஞ்சு இந்தக் குளிரில் பிழைப்பது அரிது, ஆகவே தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். குளிர் தாக்கிய குஞ்சுக்கு எச்சம் ஒட்டிக் காய்ந்து மலவாய் அடைத்துக்கொள்ளும்; பிய்த்து எடுக்காமல், வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

நான்காம் வாரத்தில் பகலில் பல்பை அணைத்துப் பழக்கி, இரவு வெப்பத்தை மட்டும் முதுகு முழுவதும் இறகு மூடும் வரை தொடருங்கள். அதன்பின் மேய்ச்சலுக்குத் திறந்துவிடும்போதும் புல்லில் பனிநீர் காய்ந்திருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது.