வீடு திரும்பிய அப்பாவை மறுபடி நடக்க வைத்தது

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை கால் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் கூட இருந்தவரை நடந்தவர், வீட்டுக்கு வந்ததும் சோபாவே கதி என்று ஆகிவிட்டார். "கொஞ்சம் நடங்கப்பா" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரணம் பயம். வலது பாதத்தின் முன்பக்கம் தூக்க வராமல் தரையில் உரசும். ரப்பர் செருப்பு வேறு கழன்றுகொள்ளும். பின்வார் வைத்த செருப்பு வாங்கினேன். வழியில் கிடந்த கால்மிதிகளை எடுத்துவிட்டேன். கைத்தடி நல்ல கையில், அதாவது இடது கையில். நான் வலப்பக்கம் ஒட்டி நடந்தேன். விழுந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

புதைகிற சோபாவுக்குப் பதில் கைவைத்த உயரமான மர நாற்காலி. சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, மறுபடி உட்காருவார். தொடைக்கு அருமையான பயிற்சி.

முக்கியமாக, நடைக்கு ஒரு வேலை வேண்டும். காலையில் வாசலில் பேப்பர் எடுப்பது, சாயங்காலம் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவது இரண்டும் அவர் பொறுப்பு. யாரும் முந்திக்கொள்வதில்லை. பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே உட்கார்ந்துவிடுவார். அடுத்து தெருமுனை டீக்கடை வரை போகணுமாம், அவரே சொன்னார்.