பரவளைவின் சமன்பாடு: புள்ளிகள் சரி, விடை பிழை

x அச்சை −1 இலும் 3 இலும் வெட்டி, (0, 6) ஊடாகப் போகும் பரவளைவின் சமன்பாடு என்ன? யாழ்ப்பாணத்தில் எந்த ரியூசன் வகுப்பில் கேட்டாலும் முன்வாங்கிலிருந்து உடனே வரும் விடை y = (x + 1)(x − 3). அதில் x = 0 எனப் பிரதியிட்டால் y = −3. தந்த 6 எங்கே போனது?

தரம் 11 இல் நாம் மாய்ந்து மாய்ந்து வரைவது y = ±(x ± b)² + c, y = ±(x ± a)(x ± b) என்ற வடிவங்களைத்தான். x² இன் குணகம் அங்கே +1 அல்லது −1. உயர்தரத்துக்கு வந்த பிறகும் கை அதையே எழுதுகிறது. −1, 3 என்ற இரு மூலங்களையும் கொண்ட பரவளைவுகள் எண்ணற்றவை. நமக்கு வேண்டியதைப் பிரித்துக் காட்டுவது மூன்றாவது புள்ளி. ஆகவே x² இன் குணகத்தை a என வைத்து, y = a(x + 1)(x − 3) என்று தொடங்கி (0, 6) ஐப் பிரதியிடுங்கள். −3a = 6; a = −2. குணகம் மறை, எனவே வளையி கவிழ்ந்திருக்கும். உருவம் தந்திருந்தால் குறியை அதிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மூலங்கள் −1, 3 இன் நடுவே x = 1; அங்கே y = 8. ஆகவே இதன் திரும்பற் புள்ளி (1, 8). "சேர், ஒண்டு நேர்தானே, அப்ப (x + 1)² தானே வரும்?" வராது. வர்க்கத்துக்குள் உள்ள அடைப்பு பூச்சியமாகும் இடத்தில்தான் வளையி திரும்பும். x = 1 இல் பூச்சியமாவது x − 1. ஆகவே y = −2(x − 1)² + 8.

மூலமோ திரும்பற் புள்ளியோ தெரியாதபோதுதான் y = ax² + bx + c இல் மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டு ஒருங்கமை சமன்பாடுகளுக்குப் போக வேண்டும். x = 0 உள்ள புள்ளி இருந்தால் c கையிலேயே இருக்கிறது. x = −2 ஐப் பிரதியிடும்போது கணிப்பானில் −2² என்று அடைப்பில்லாமல் அழுத்தினால் −4 காட்டும்; வேண்டியது (−2)² = 4. அது கணிப்பானின் குற்றமல்ல.

x சம இடைவெளியில் இருந்தால் வித்தியாச முறை எனக்குப் பிடித்தது, ஆனால் வழுக்கும். x = 0, 1, 2 இற்கு y = 6, 8, 6. வித்தியாசங்கள் 2, −2. இரண்டாம் வித்தியாசம் −4. இதையே a என்று எழுதிவிடுகிறார்கள். அது 2a. இடைவெளி 1 ஆக இல்லாவிட்டால் இன்னும் கவனம்: x = −1, 1, 3 இற்கு y = 0, 8, 0; இரண்டாம் வித்தியாசம் −16. இடைவெளி 2 இன் வர்க்கத்தை இரட்டித்தால் 8. −16 ஐ அதனால் வகுக்க, அதே −2.

வரைபுத்தாளிலிருந்து வாசிக்கும்போது இரு அச்சுகளின் அளவிடையும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பல வினாக்களில் ஒன்றாக இராது. திரும்பற் புள்ளியைக் கண்மட்டத்தில் குறிக்காதீர்கள், உச்சியில் வளையி தட்டையாகத் தெரியும். ஒரே உயரத்திலுள்ள இரு புள்ளிகளின் நடுவே சமச்சீர் அச்சு போகிறது, அதைப் பிடியுங்கள்.

பிரதியிட்ட புள்ளியையே மறுபடி போட்டுச் சரிபார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பயன்படுத்தாத ஒன்றை எடுங்கள். வரைபில் (2, 6) இருந்தால்: −2(2 + 1)(2 − 3) = 6.