இஞ்சி பீர் நுரைக்கவில்லையா? தண்ணீரைப் பாருங்கள்

வீட்டில் இஞ்சி பீருக்காக (இஞ்சியைப் புளிக்கவைத்துச் செய்யும் நுரைபானம்) ஊறவைத்த இஞ்சி, சர்க்கரைக் கரைசல் நுரைக்கவே இல்லை, சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பொங்கியிருக்க வேண்டியது. இஞ்சியை மாற்றினேன், நாட்டுச் சர்க்கரை போட்டேன், பாட்டிலைக் கொதிநீரில் கழுவினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கவனித்தபோது, லாரித் தண்ணீர் சம்பில் இறங்கிய அன்று கலக்கியதுதான் அசையாமல் கிடந்தது, மறுநாள் பிடித்த தண்ணீரில் லேசாகக் குமிழி வந்தது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைச் சொட்டை விட்டேன், தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது, அதாவது குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், இஞ்சித் தோலில் இருந்து நுரைக்கவைக்கும் ஈஸ்ட் நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்குமா?

அப்புறம் குளோரின் பறந்துபோக, தண்ணீரை அகலப் பாத்திரத்தில் மூடாமல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியதும் கலக்கினேன். நுரை வந்துவிட்டது, அப்பாடா! குளோரினுக்குப் பதில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கும் ஊர்களில் இது போதாது, துளி வைட்டமின் சி பொடியும் போடுங்கள்.