டிஜே மேசை: எதை எதில் சொருகுவது, கோளாறு எங்கே வரும்

ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகத்தை ஒத்துப்போக வைத்து, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்ஸர், காதை நன்றாக மூடும் ஹெட்போன், ஸ்பீக்கர் ஆகியவை வேண்டும்.

வினைல் ரெக்கார்டு ஓட்டுவதென்றால், மோட்டாரே தட்டை நேரடியாகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்தான் வாங்க வேண்டும். பெல்ட்டில் சுற்றும் தட்டு, கையால் நிறுத்திவிட்டால் பழைய வேகத்தைப் பிடிக்கத் திணறும். டைரக்ட் டிரைவ் வகையான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது 1972-இல். ஆனால் டிஜேக்கள் கொண்டாடுவது 1979-இல் வந்த அதன் அடுத்த வடிவமான எம்கே2-வை. வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கும் நீண்ட பிட்ச் ஸ்லைடர் அதில்தான் வந்தது.

ஊசி எடை வைப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஊசி உள்பக்கம் இழுபடாமல் ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட் குமிழை 0-வில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மை ரெக்கார்டுக்கு வெளியே பிடித்து, பின்னால் உள்ள எடையைத் திருகுங்கள். ஆர்ம் மேலும் போகாமல் கீழும் சாயாமல் மட்டமாக மிதக்க வேண்டும். பிறகு ஆர்மைத் தாங்கியில் பூட்டி, எடை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் போட்ட வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள். கடைசியாக எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் பெட்டியில் போட்டிருக்கும் கிராமுக்குக் கொண்டுவாருங்கள். டிஜே ஊசிகளுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 கிராம். குறைத்து வைத்தால் ரெக்கார்டு தப்பிக்கும் என்பது தவறான எண்ணம். எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்து அதன் சுவரைச் சிதைக்கும்.

டர்ன்டேபிளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதிலும் பாஸ் குறைத்துப் பதிக்கப்பட்டது. மிக்ஸரின் ஃபோனோ இன்புட்தான் இரண்டையும் சரிசெய்யும். டிஜிட்டல் பிளேயருக்கான லைன் இன்புட்டில் சொருகினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கும். டிஜிட்டல் பிளேயரை ஃபோனோவில் சொருகினால் உடைந்து அலறும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், முதலில் டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் மிக்ஸரின் எர்த் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.

டிஜிட்டல் பிளேயர் என்றால் 2001-இல் வந்த பயனியர் சிடிஜே-1000-தான் திருப்பம். அதன் மேலுள்ள வட்டச் சக்கரமான ஜாக் வீலை வினைலைப் போலவே கையாளலாம். இப்போது பாட்டெல்லாம் பென் டிரைவில். அதை ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்யுங்கள், வேறு முறையில் இருந்தால் பல பிளேயர்கள் திறக்காது. கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்' கொடுக்காமல் உருவாதீர்கள், பாட்டுப் பட்டியலே கெடும். அதே பாட்டுகளோடு இரண்டாவது டிரைவ் ஒன்று பையில் இருக்கட்டும்.

கன்ட்ரோலர் என்பது இவை எல்லாம் ஒரே பலகையில், மூளை மட்டும் லேப்டாப்பில். வாங்கும்போது மாஸ்டருக்கும் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி) ஹெட்போனுக்கும் தனித்தனி அவுட்புட் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்க வழியில்லை. பட்டன் தட்டியபின் ஒலி தாமதமாக வந்தால் லேப்டாப் ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் அளவான பஃபரைக் குறையுங்கள், பாட்டு இடையிடையே வெடித்தால் கூட்டுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட். தொடங்க அது நல்ல இடம்.

இனி மிக்ஸர். மேசையின் உயிர் இதுதான். பாஸ், மிட், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்கள் மூன்றும் நடுவில் இருக்க, பாட்டின் மிகச் சத்தமான பகுதியை ஓடவிட்டு, மீட்டர் 0 டெசிபல் பக்கம் துள்ளும் அளவுக்கு மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவை மாற்றும் டிரிம் குமிழைத் திருகுங்கள். பழைய பாட்டு மெல்லிசாகவும் புதியது காட்டமாகவும் பதிவாகியிருக்கும், அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. பின்னால் மாஸ்டரைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது, ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் ட்வீட்டர் போவதும் பல நேரம் இதனால்தான். இரண்டு பாட்டு சேரும் இடத்தில் ஒன்றின் பாஸை முழுக்க இறக்குங்கள். இரண்டு கிக் டிரம் மோதினால் அரங்கமே குழம்பிப்போகும்.

மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுங்கள். ஒற்றை முள் கொண்ட ஆர்சிஏ கேபிள் நீண்டால் இரைச்சலை வாங்கும், மேசைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்யும்போது பிளேயர், மிக்ஸர், கடைசியில் ஆம்ப் அல்லது பவர்டு ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில். மாற்றிச் செய்தால் 'டொப்' என்று ஒரு அடி நேராக ஸ்பீக்கரின் கோனில் விழும்.